மடி தாங்காத எடை

சென்னையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் டாக்ஸியில் ஏறினால், ஓட்டுநர் கண்ணாடியைச் சரிசெய்தபடி பெரும்பாலும் ஒன்றைச் சொல்வார்: "குழந்தையக் கெட்டியாப் புடிச்சுக்கங்கம்மா." அக்கறையோடு சொல்வதுதான். அம்மாவும் குழந்தையை மார்போடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வார். பக்கத்தில் பாட்டி, முன்சீட்டில் அப்பா. வண்டி லஸ் முனையில் கிளம்பி, ராமகிருஷ்ண மடம் சாலையில் மந்தைவெளியைத் தாண்டி, திரு.வி.க. பாலத்தில் ஏறி அடையாறுக்குள் இறங்கும்.

கெட்டியாகப் பிடிப்பதென்றால் எவ்வளவு கெட்டியாக? பள்ளிக்கூட இயற்பியலே போதும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

குழந்தைக்கு ஒரு வயது, எடை 10 கிலோ. கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 11 மீட்டர். குறுக்கே எதுவோ வந்து, கார் நேராக ஒரு தூணிலோ இன்னொரு வண்டியிலோ மோதுகிறது. காரின் முன்பகுதி நசுங்கி, சுமார் 50 சென்டிமீட்டருக்குள் வண்டி நின்றுவிடுகிறது. இந்த நிறுத்தத்துக்கு ஆகும் நேரம் 0.09 நொடி. அந்த இடைவெளியில் காரும் காரோடு பிணைந்திருக்கும் எல்லாமும் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 12.6 மடங்கு விசையை அனுபவிக்கின்றன. 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 126 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். ஐந்து அரிசிச் சிப்பங்களை ஒரே நேரத்தில் கையில் ஏந்துவதற்குச் சமம் அது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கண்ணால் ஒன்றைக் கண்டு, மூளை உணர்ந்து, கை இறுகுவதற்கு மனிதருக்குக் குறைந்தது 0.2 நொடி ஆகும். மோதல் 0.09 நொடியில் முடிந்துவிடுகிறது. தாயின் தசைகளுக்குச் செய்தி போய்ச்சேரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பலசாலியான தாய், பலவீனமான தாய் என்ற வித்தியாசத்துக்கு இங்கே இடமே இல்லை. தாயின் அன்பிலோ கவனத்திலோ ஒரு குறையும் இல்லை. மனித உடலால் முடியாத ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தாயும் பெல்ட் போடவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய உடம்பும் அதே 40 கி.மீ. வேகத்தில் முன்னே போகும். 55 கிலோ எடையுள்ளவர் முன்சீட்டின் முதுகில் மோதும்போது குறைந்தபட்சம் 700 கிலோ அளவு பாரத்தோடு மோதுவார். நடுவில் இருப்பது குழந்தை. ஒரே பெல்ட்டைத் தன்னையும் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதிலும் இதே ஆபத்துதான்: பெல்ட்டுக்கும் தாயின் உடம்புக்கும் இடையே குழந்தை நசுங்கும். துணித்தூளியில், முன்புறம் மாட்டும் பையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு காரில் போவதும் இந்த வகையே. நடப்பதற்கு அவை அருமையான சாதனங்கள்; காருக்காகச் செய்யப்பட்டவை இல்லை.

"நம்ம ஊர் டிராஃபிக்ல எங்க சார் நாப்பதுல போறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு பாண்டி பஜாரிலோ உஸ்மான் சாலையிலோ நிற்பவருக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருக்கும் மயிலாப்பூரில் சைக்கிள்கூட முந்திப் போய்விடும். ஆனால் குழந்தையோடு டாக்ஸி எடுக்கிற நேரம் எது என்று பாருங்கள். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் வந்து போகின்றன. மகளையும் பேரக்குழந்தையையும் வழியனுப்ப அடையாறிலிருந்து இரவு ஒரு மணிக்குக் கிளம்பும் கார், சர்தார் பட்டேல் சாலையில் மத்திய கைலாஷைத் தாண்டி கிண்டி வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கும்போது சாலை காலியாக இருக்கும். சிக்னல்கள் மஞ்சளில் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் அன்றைய பொழுதின் எத்தனையாவது சவாரியில் இருக்கிறாரோ. குழந்தை மடியில் அயர்ந்து தூங்கும்.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பு கார்களுக்கு 60 கி.மீ., ஆட்டோக்களுக்கு 40 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிகளுக்கும் 30 கி.மீ. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட 60-லேயே கணக்கைத் திரும்பப் போடுவோம். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அதே 50 சென்டிமீட்டருக்குள் நின்றால் நம் 10 கிலோ குழந்தையின் பாரம் 280 கிலோவைத் தொடும். 40 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீட்டர். கிட்டத்தட்ட ஐந்தாவது மாடி. பால்கனிக் கம்பியருகே குழந்தை போனாலே நமக்குப் பதறுகிறது. காரின் ஜன்னலுக்கு வெளியே தரை பக்கத்திலேயே தெரிவதால் அந்தப் பதற்றம் வருவதில்லை.

*

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. 126 கிலோ என்ற எண், குழந்தை காரோடு பிணைந்திருந்தால் வருவது. கார் 50 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கும்போது, அந்த 50 சென்டிமீட்டரைக் குழந்தையும் பயன்படுத்திக்கொள்கிறது. பிணைப்பில்லாத குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. கார் நின்ற பிறகும் அது 40 கி.மீ. வேகத்திலேயே பறந்து, முன்சீட்டிலோ கியர் கம்பியிலோ மோதி, 10 சென்டிமீட்டருக்குள் நிற்கும். நிற்கும் தூரம் ஐந்தில் ஒன்றானால் விசை ஐந்து மடங்காகும். சீட் பெல்ட்டின் முதல் வேலையே இதுதான்: காரின் நசுங்கலில் நமக்கும் ஒரு பங்கு வாங்கித் தருவது.

இரண்டாவது வேலை, அந்த விசையை உடம்பின் எந்த இடத்தில் இறக்குவது என்று தீர்மானிப்பது. உறுதியாகக் கட்டப்பட்ட உடம்பு நம்பமுடியாத அளவுக்குத் தாங்கும் என்பதைக் காட்டியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பர் 10-ஆம் தேதி, நியூ மெக்சிகோவில் ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் தன்னையே வாரால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தைத் தாண்டினார், பிறகு ஒன்றரை நொடிக்குள் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பைப் போல 46 மடங்கு. கண்களில் ரத்தநாளங்கள் வெடித்தன, ஆனாலும் பிழைத்தார். முழு ஆயுளும் வாழ்ந்தார். தோள், மார்புக்கூடு, இடுப்பெலும்பு என்று வலுவான எலும்புகளின்மேல் விசை பரவியதால் நடந்தது அது. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது: ஒரு பட்டை இடுப்பெலும்பில், இன்னொன்று தோளெலும்பிலிருந்து மார்புக்குக் குறுக்கே.

இந்த இடத்தில்தான் குழந்தையின் உடம்பு வேறாக இருக்கிறது. பெரியவரைச் சுருக்கினால் குழந்தை வந்துவிடாது. பிறந்த குழந்தையின் தலை அதன் உயரத்தில் கால்பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்பாகவில்லை. ஒவ்வொரு முள்ளெலும்பும் குருத்தெலும்பால் ஒட்டப்பட்ட தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. அவை ஒன்றாகச் சேர மூன்று முதல் ஆறு வயது வரை ஆகும். தசைநார்களும் தளர்வானவை. கைக்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் 5 சென்டிமீட்டர் வரை இழுபடக்கூடியது. அதனுள்ளே ஓடும் தண்டுவடமோ 6 மில்லிமீட்டர் இழுபட்டாலே அறுந்துபோகக்கூடியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே எல்லாம் முடிந்துபோவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

குழந்தை முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது மோதல் நடந்தால், உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும், இழுவை முழுவதும் கழுத்தில் விழும். பின்னோக்கி உட்கார வைத்தால் கதை மாறுகிறது. முதுகும் கழுத்தும் தலையும் ஒன்றாகவே இருக்கையின் முதுகில் அழுந்துகின்றன, கழுத்து இழுபடுவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் இந்த யோசனையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மேன் என்ற மருத்துவப் பேராசிரியர். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்தபடி ஏவுதலின் விசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்வதைப் பார்த்து இந்த எண்ணம் அவருக்கு வந்தது. 1964-இல் வோல்வோ காரில் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. ஸ்வீடனில் இன்றும் குழந்தைகளை நான்கு வயது வரைகூடப் பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். நம் வீடுகளில் "குழந்தைக்கு வேடிக்கை பார்க்க வேணாமா?" என்று கேட்டு ஒரு வயதிலேயே முன்பக்கம் திருப்பிவிடும் அவசரம் இருக்கிறது. வேடிக்கை ஆசை புரிகிறது. ஆனாலும் கழுத்தெலும்பு அதற்காக முன்கூட்டி முற்றிவிடாது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குப் பிரச்சினை இடுப்பில். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முன்விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பெல்ட் அதில் தங்கி நிற்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த விளிம்பு சரியாக உருவாகியிருக்காது. மோதலில் பட்டை வழுக்கி வயிற்றுக்கு ஏறும். குடலும் முதுகெலும்பும் அடிபடும். தோள்பட்டையோ கழுத்தை அறுப்பதுபோல உரசும். உறுத்துகிறது என்று குழந்தையே அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். இதைச் சரிசெய்ய வந்ததுதான் பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை. 1978-இல் வோல்வோ கொண்டுவந்தது. பார்ப்பதற்கு வெறும் மெத்தை. அது செய்வதெல்லாம் குழந்தையைச் சில அங்குலம் உயர்த்தி, பட்டையை வயிற்றிலிருந்து தொடைக்கும் கழுத்திலிருந்து தோளுக்கும் கொண்டுவருவது. இவ்வளவு எளிய சாதனம் நம் ஊரில் இவ்வளவு அரிதாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டில், சரியான இருக்கை கார் விபத்துகளில் கைக்குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் உயிரிழப்பை 54 சதவீதமும் குறைக்கிறது. எந்தத் தடுப்பூசியைப் பற்றி இப்படி ஓர் எண் சொன்னாலும் நாம் வரிசையில் நிற்போம்.

*

மடியைப் பற்றிய நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதில்லை. குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மன்றாடி, 1978 ஜனவரியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கடைசி நேரத்தில் அதில் ஒரு விலக்கைச் செருகிவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இருக்கை வேண்டாம். தாயின் கையை விடப் பாதுகாப்பான இடம் எது என்பதுதான் வாதம். சாண்டர்ஸ் அந்த விலக்குக்குக் "குழந்தையை நசுக்கும் திருத்தம்" என்று பெயர் வைத்து விடாமல் எதிர்த்தார். மடியில் இருந்த குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். 1981-இல் விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194பி என்ற பிரிவைச் சேர்த்தது. 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறை. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் அமலாயின. குழந்தைகளுக்கான இந்த உட்பிரிவில் டாக்ஸிக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை. ஆகவே மஞ்சள் பலகை மாட்டிய டி-போர்டு வண்டிக்கும் வெள்ளைப் பலகை ஓன்-போர்டு வண்டிக்கும் சட்டம் ஒன்றே.

ஆனால் இதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. சீட் பெல்ட்டையும் குழந்தை இருக்கையையும் சட்டம் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கும் 13 வயதுப் பையனுக்கும் ஒரே தேர்வு. 13 வயதுப் பையனுக்கு பெல்ட் சரி. எட்டு மாதக் குழந்தையை பெல்ட்டுக்குள் உட்கார வைக்கவே முடியாது. இரண்டாவது, அபராதம் ஓட்டுபவர்மேல் விழுகிறது. டாக்ஸி ஓட்டுநருக்கு அடுத்த சவாரியில் எத்தனை வயதுக் குழந்தை ஏறும் என்று எப்படித் தெரியும்? ஆறு மாதத்துக்கு ஒன்று, மூன்று வயதுக்கு ஒன்று, ஏழு வயதுக்கு ஒன்று என்று மூன்று இருக்கைகளை அவர் டிக்கியில் வைத்துக்கொண்டு திரிய முடியுமா? பாதி டிக்கியை சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்திருக்கும் வண்டிகள் ஏராளம்.

இந்தச் சிக்கலில் உலகம் முழுக்கத் தடுமாறியிருக்கிறது. பிரிட்டனில் ஓட்டுநரிடம் இருக்கை இல்லையென்றால், உரிமம் பெற்ற டாக்ஸியின் பின்சீட்டில் குழந்தை அது இல்லாமல் போகலாம். நியூயார்க்கின் மஞ்சள் டாக்ஸிகளில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் உட்காரலாம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு இருக்கை கட்டாயம். தெருவில் கைகாட்டி நிறுத்தும் டாக்ஸிக்கு விலக்கு, செயலி வழியே வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சிங்கப்பூர் வைத்திருக்கும் இந்தக் கோடு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செயலியில் முன்பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கிறது என்று சொல்ல முடியும். நிறுவனம் இருக்கையுள்ள வண்டியை அனுப்ப முடியும். நியூயார்க்கில் உபர் கூடுதல் கட்டணத்துக்கு அப்படி அனுப்புகிறது. சென்னையில் இன்று டாக்ஸி என்பது பெரும்பாலும் செயலியில் வருவதுதான். விமான நிலையச் சவாரிக்காவது இந்த வசதியை நிறுவனங்களிடம் கேட்டுப் பெறவேண்டும். கேட்பவர்கள் குறைவாக இருப்பதால்தான் அது வரவில்லை.

கேரளம் 2024 அக்டோபரில் ஒரு முயற்சி செய்தது. நான்கு வயது வரை குழந்தை இருக்கை, அதற்கு மேல் பூஸ்டர், டிசம்பர் முதல் அபராதம் என்று போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். சில நாட்களிலேயே போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் அதை நிறுத்திவைத்தார். நடைமுறைச் சிரமங்கள் உண்மையானவை. இருக்கை மலிவாகவும் எளிதாகவும் கிடைக்காமல் அபராதத்தில் தொடங்கும் சட்டம் நிற்காது என்பதை இந்த அனுபவம் காட்டிவிட்டது.

*

இருக்கைக்கு முன்னால் பெல்ட். ஒரு சராசரி சென்னை டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிப் பாருங்கள். தோள்பட்டை கிடைத்துவிடும். அதை மாட்டவேண்டிய பக்கிள், புது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கேட்டால், "பின்னாடி யாரு சார் போடுறாங்க?" என்று பதில் வரும். மத்திய மோட்டார் வாகன விதி 138(3) பின்சீட்டில் முன்னோக்கி உட்காருபவர்களும் பெல்ட் போடவேண்டும் என்று சொல்லிப் பல காலமாகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் பெல்ட் அணியாததால் இறந்ததாக மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் பயணிகள். அதே ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கரில் விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது நாடே சில வாரம் பின்சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. பிறகு கவர்கள் மறுபடி பக்கிளை மூடிவிட்டன.

பக்கிள் இல்லையென்றால் இருக்கையும் இல்லை. ஏனென்றால் டாக்ஸியில் குழந்தை இருக்கையை வண்டியோடு பிணைக்கப்போவது அதே பெல்ட்தான். புதிய கார்களில் ஐசோஃபிக்ஸ் எனப்படும் கொக்கிகள் உண்டு. பழைய டாக்ஸிகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே வண்டி வந்ததும் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்பே பின்சீட்டில் கைவிட்டு பக்கிளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். "அண்ணா, பெல்ட் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, குழந்தை இருக்கு" என்று சொன்னால் முகம் சுளிக்கும் ஓட்டுநரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

மார்கழிக் கச்சேரிகளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் அமெரிக்காவிலிருந்து மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வந்திறங்கும் குடும்பங்களுக்கு மட்டும் தனியாக ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவர்கள் அங்கே பயன்படுத்தும் இருக்கையையே விமானத்தில் கொண்டுவருகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களின் பெல்ட், முழுக்க இழுத்துவிட்டால் பூட்டிக்கொண்டு தளராமல் நிற்க வேண்டும் அல்லது வேறு வகையில் பூட்டும் வசதி இருக்கவேண்டும் என்பது விதி. அங்குள்ள இருக்கைகள் பல இதை நம்பிச் செய்யப்பட்டவை. நம் ஊர் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீர்க் குலுக்கலில் மட்டும் பூட்டிக்கொள்ளும். மற்ற நேரத்தில் தாராளமாக நீளும். இதில் அமெரிக்க இருக்கையைக் கட்டினால் முதலில் இறுக்கமாகத் தெரியும். அண்ணா சாலையின் இரண்டு பள்ளங்களில் தளர்ந்து ஆடத் தொடங்கும். இருக்கையிலேயே பெல்ட்டைக் கவ்விப்பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று அமெரிக்காவிலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் 'எச்' வடிவ உலோகக் கிளிப் ஒன்று வாங்கிவர வேண்டும். இங்கே வாங்குபவர்கள் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. முத்திரை உள்ள ஆரஞ்சு நிற ஒட்டியைத் தேடவேண்டும். அந்த இருக்கைகள் நம் காரில் உள்ளது போன்ற பெல்ட்டுக்கே வடிவமைக்கப்பட்டவை.

டாக்ஸியில் அடிக்கடி போகிறவர்களுக்கு, முதல் வருடத்துக்கு ஏற்றது கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் கூடை வடிவ இருக்கை. தனி அடித்தளம் இல்லாமல், பெல்ட்டைச் சுற்றிப் போட்டே பின்னோக்கிப் பொருத்தலாம்; பழகினால் இரண்டு நிமிட வேலை. வீட்டில் நின்றிருக்கும் காரில் முன்னமே பழகிக்கொள்வது நல்லது, நள்ளிரவில் வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு கற்க வேண்டாம். பொருத்திய பிறகு பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. குழந்தையின் தோளில் உள்ள வாரை இரு விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக்கூடாது. முன்சீட்டில், ஏர்பேக் இருக்கும் இடத்தில், பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

குழந்தையின் முதல் கார் பயணம் அநேகமாக மருத்துவமனையிலிருந்து பாட்டி வீட்டுக்குத்தான். பழைய பருத்தி வேட்டியில் இறுகச் சுற்றிய மூன்று நாள் சிசுவை இருக்கையில் அப்படியே வைத்து வார்களைப் பூட்டினால் வார் துணியைப் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது. முதலில் கால்களைப் பிரித்து வார்களைப் பூட்டவேண்டும். அதற்கு மேல் துணியைப் போர்த்தலாம். இருக்கை சுமார் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னே கவிழ்ந்து, தாடை மார்பைத் தொட்டு, மூச்சுக்குழாய் மடங்கும். இதே காரணத்தால், வீடு வந்ததும் தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாமல் இருக்கையோடு கூடத்தில் மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. பிரசவப் பிரிவிலேயே ஒரு தாதி இதைச் செய்துகாட்டினால் எத்தனை நன்றாக இருக்கும்! தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்து விளக்கும் அதே ஐந்து நிமிடம் போதும்.

எல்லாக் குடும்பங்களுக்கும் டாக்ஸி இல்லை. ஆட்டோதான் சென்னையின் உண்மையான வாடகை வண்டி. அதில் பெல்ட்டும் இல்லை, இருக்கையைக் கட்ட இடமும் இல்லை. பெரியவர்கள் இருவருக்கு நடுவே குழந்தையை உட்கார வைப்பதும், ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்வதும் தவிர அறிவியல் அங்கே பெரிதாக எதுவும் தரவில்லை. இருசக்கர வண்டிக்கு 2023 பிப்ரவரி 15 முதல் ஒரு விதி உண்டு: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் வார், தலைக்கவசம், 40 கி.மீ. வேக வரம்பு. பேருந்தையும் ரயிலையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். 10 டன்னுக்கு மேல் கனமான மாநகரப் பேருந்தும் ஒரு டன் காரும் மோதினால், உந்த அழிவின்மை விதிப்படி பேருந்தின் வேகம் சிறிதே குறையும். உள்ளிருப்பவர்கள் உணரும் விசையும் அதே விகிதத்தில் சிறியது. தி.நகரில் இருப்பவர் பகல் நேர விமானத்துக்கு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நிம்மதியாகப் போகலாம்.

கார் நிறுவன விளம்பரங்களில் இப்போது குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரங்கள் வருகின்றன. 2023 அக்டோபர் 1-இல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடுகிறார்கள், பின்சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள இரண்டு பொம்மைகள். குழந்தைப் பிரிவுக்கு மொத்தம் 49 மதிப்பெண். அந்தப் பொம்மைகள் இரண்டும் முறையாகப் பொருத்திய குழந்தை இருக்கையில் உட்கார்ந்தே மோதலுக்கான மதிப்பெண்ணை வாங்குகின்றன. ஐந்து நட்சத்திரக் காரில் மடியில் உட்காரும் குழந்தைக்கு அந்த நட்சத்திரங்களில் ஒன்றுகூடச் சேராது.

இருக்கையை எப்போது விடலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். வயதைப் பார்க்க வேண்டாம், உயரத்தைப் பாருங்கள். பல நாடுகள் 135 சென்டிமீட்டரை எல்லையாக வைத்திருக்கின்றன. டாக்ஸியின் பின்சீட்டிலேயே சோதித்துவிடலாம். குழந்தையின் முதுகு சீட்டில் முழுக்கப் படியும்போது முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடை மேல் கிடக்க வேண்டும். மேல்பட்டை கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவே போகவேண்டும். பயணம் முடியும்வரை சரியாமல் அப்படியே உட்கார முடியவேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பத்து வயதுக்கு மேல்தான் வாய்க்கும். அதுவரை பள்ளிப் பைக்குள் அடங்கும் பூஸ்டர் ஒன்றைக் கூடவே எடுத்துப் போகலாம்; காற்றடிக்கும் வகைகூட உண்டு. இடுப்புக்கு மட்டும் பட்டை உள்ள நடுச்சீட்டில் பூஸ்டரைப் போடக்கூடாது. ஜன்னலோரம்தான் அதற்கு இடம்.